எட்டாம் வகுப்பு நான் படித்த இடம்

போல்டன்புரம், தூத்துக்குடி
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி போன மாதத்தைப் போலவே இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கே நீயும் ஜெர்சன் அத்தானும் பாப்பாவும் சுகம்தானே? பாப்பாவுக்குப் பல் வந்துவிட்டதா?

பரீட்சை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. விடைகளைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டேன். கணக்கில் தொண்ணூற்றாறு வரும். இயற்பியல் எண்பத்தைந்து, வேதியியல் எண்பத்தெட்டு. கணக்கை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் கூட்டினால் இருநூறுக்கு நூற்று எண்பத்திரண்டரை. ஓரிரு மார்க் குறைந்தாலும் குறையலாம்.

எனக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் அம்மாவின் போன் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது, அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். என் ஆசையைத் தெருவே கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீ நாசரேத்துக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து நமக்குள் கடிதம்தான் தோது.

என்ன ஆசை என்று உனக்குத் தெரியும். சென்னை கிண்டியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ். வரைபடங்களைப் பற்றிய படிப்பு. அப்பா இழுவைப் படகில் கூலிக்குப் போன காலத்தில், கழித்துப்போட்ட கடல் வரைபடங்களைக் கொண்டுவருவாரே, முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்களையும் அவற்றின் ஆழத்தையும் குறித்தவை, அவற்றால்தான் என் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டேன். வகுப்பு நடக்கும்போது பாடத்தைவிட அட்டையை அதிகம் வாசித்திருக்கிறேன்.

முத்துக்கனி அக்கா நேற்றும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "கிருபை டீச்சர் சொன்னா சொன்னதுதான், கவுன்சிலிங்காரன்கூட அதை மாத்த மாட்டான்" என்றாள். அவள் தம்பிக்கு நீ சொன்ன கல்லூரியே கிடைத்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் சொல்.

பாப்பாவுக்கு முத்தம். அத்தானுக்கு ஸ்தோத்திரம்.

உன்
சுதா

*

நாசரேத்
24 ஏப்ரல் 2025

என் அன்புத் தங்கை சுதாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தர் இதுவரை எங்களைச் சுகமாக நடத்தினார். பாப்பாவுக்குக் கீழே இரண்டு பல். கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளியில் ஆண்டுத் தேர்வு, திருத்தும் வேலை.

உன் மார்க்கை வைத்துப் பார்த்தேன். நம் பிரிவில் கிண்டிக்கு நூற்று எண்பத்தேழு, எட்டு வரை போகிறது. நீ சொல்கிற படிப்புக்கும் அப்படித்தான். அதனால் கிண்டியை முதலில் போட்டுவை, ஆனால் மனதை அங்கே வைக்காதே. திருநெல்வேலியில் சிவில் கிடைக்கும். இல்லையென்றால் இங்கே பக்கத்திலேயே பி.எஸ்சி. கணக்குச் சேர்ந்து, பிறகு பி.எட். முடிக்கலாம். பெண்பிள்ளைக்கு அதில் குறைவொன்றும் இல்லை, என்னையே பார்.

வெயிலில் அலையாதே. இளநீர் குடி.

உன் அக்கா
கிருபை

*

தூத்துக்குடி
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். சுகம், சுகமறிய ஆவல். இரண்டு பல்லுக்கும் என் வாழ்த்து.

உன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தேன். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறவள் தங்கைக்குப் பார்க்கும்போது பெரிய விஷயத்தை விட்டுவிட்டாய். பொதுக் கவுன்சிலிங்கை மட்டும் பார்த்திருக்கிறாய். ஏழரை சதவீதத்தைப் பார்க்கவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கான ஒதுக்கீடு. மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேர்த்தி. நான் ஆறில் நுழைந்த வாசல் வழியாகத்தான் பன்னிரண்டு முடித்து வெளியே வந்தேன். அதில் போன வருடம் கிண்டியில் கடைசியாக உள்ளே போனவரின் மார்க் நூற்று எழுபத்திரண்டு. ரம்யாவின் ஒன்றுவிட்ட அண்ணன் அப்படித்தான் போனான். படிப்புக்கும் விடுதிக்கும் அரசாங்கமே கட்டிவிடுகிறது. அம்மாவை யாரிடமும் போய் நிற்க வைக்காமல் நான் சென்னை போவதற்கு இருக்கிற ஒரே வழி அது.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது சொன்னேனே, நூற்று எழுபத்தைந்து வந்தால் போதும், அதற்குமேல் உயிரை விடமாட்டேன் என்று. நீ தலையாட்டிவிட்டுக் கேக் வெட்டிக் கொடுத்தாய்.

மறுபடியும் பார்த்து எழுது. இந்தத் தடவை ஒழுங்காக.

உன்
சுதா

*

நாசரேத்
15 மே 2025

அன்புள்ள சுதா,

ஸ்தோத்திரம். அம்மா போனில் மார்க் சொன்னாள். நூற்று எழுபத்தெட்டு நல்ல மார்க். அப்பா இருந்திருந்தால் படகில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உனக்காக ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம்.

பாப்பாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், இன்றுதான் விட்டது. அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

ஏழரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை நம்பி எதையும் கட்டாதே. வருடத்துக்கு வருடம் மாறுகிறது, ஆயிரம் விதி வைத்திருக்கிறார்கள். பொதுக் கவுன்சிலிங்கில் உனக்கு என்ன கிடைக்குமோ அதையே உன்னுடையது என்று நினைத்துக்கொள். அப்போது ஏமாற்றம் வராது. அக்கா உன் நன்மைக்குத்தான் சொல்லுவேன்.

பி.எஸ்சி. விண்ணப்பம் இங்கே கொடுக்கிறார்கள். ஒன்று வாங்கி வைக்கட்டுமா?

கிருபை

*

தூத்துக்குடி
20 மே 2025

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. இங்கே அம்மா சுகம். எனக்கு உடம்பு சுகம்தான்.

பி.எஸ்சி. விண்ணப்பம் வேண்டாம்.

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை வாசித்தேன். முத்துக்கனி அக்காவின் தம்பிக்கு நீ சொன்னபோது, "தைரியமாப் போலே, ஒனக்குன்னு வச்சிருக்கான்" என்று சொன்னாய். அவன் மார்க் என்னுடையதைவிடக் குறைவு. எனக்குச் சொல்லும்போது மட்டும் ஏன் உன் எழுத்து இப்படித் தயங்குகிறது? உன் தங்கையால் முடியாது என்று நினைக்கிறாயா? அல்லது நான் சென்னைக்குப் போனால் அம்மா தனியாகிவிடுவாள் என்றா? அப்படியென்றால் நேராகச் சொல். அதைப் பற்றி நானும் யோசித்திருக்கிறேன். பயந்தும் இருக்கிறேன்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். சான்றிதழ் சரிபார்க்க ஜூன் இரண்டாம் வாரம் கூப்பிடுவார்கள். ரம்யாவுக்கும் அதே மையம். அவளோடு அவள் அப்பா வருகிறார். நீ வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். ஏரல் வழி பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தானே.

சுதா

*

தூத்துக்குடி
13 ஜூன் 2025

அக்கா,

ஸ்தோத்திரம். அம்மா சுகம்.

நீ வரவில்லை. பதிலும் எழுதவில்லை. நேற்று நான் தனியாகத்தான் மையத்துக்குப் போனேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்லவர். என் மார்க்கைப் பார்த்து, "கிண்டிதாம்மா, பெட்டியக் கட்டு" என்றார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏம்மா, எட்டாப்பு எங்க படிச்ச?"

"இங்கதான் சார். மாநகராட்சிப் பள்ளிக்கூடம்."

திரையை என் பக்கம் திருப்பினார். "இங்கன பாரு. ஆறு, ஏழு தூத்துக்குடி. எட்டு நாசரேத் பக்கம், அரசு உதவி பெறும் பள்ளி. ஒம்பதுல திரும்பத் தூத்துக்குடி. உதவி பெறுறது வேற, அரசுப் பள்ளி வேறம்மா. ஏழு வருசத்துல ஒண்ணு விட்டாலும் ஏழரை கெடையாது."

"அது கொரோனா வருசம் சார். நான் எங்கயும் போவல. வீட்லதான் இருந்தேன்."

"எல்லாரும் வீட்லதாம்மா இருந்தோம். பேரு எங்க இருந்துச்சு, அதான் கணக்கு."

எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் திட்டவில்லை. மெதுவாக, "அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், இந்தப் பிள்ளை இங்க வந்து படிக்கவே இல்லன்னு எழுதிக் குடுத்தா மேல அனுப்பிப் பாக்கலாம். ஆனா எவன் எழுதிக் குடுப்பான், சொல்லு" என்றார்.

திரையில் இருந்த பெயர் உன் பள்ளியின் பெயர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். மாவாட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா கேட்டா, டி.சி. வாங்கக் கையெழுத்துப் போட்டேன். பேருக்குத்தானம்மான்னு சொன்னா, அடுத்த வருசம் அவளே திரும்ப இங்கன சேத்துட்டா" என்றாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ அப்ப சின்னப்பிள்ள."

"இப்ப?"

அம்மா கிரைண்டரை நிறுத்தவில்லை. "அக்கா பாத்துக்கிடுவான்னு இருந்தேன்" என்றாள்.

அந்த வருடப் பாடப்புத்தகங்களை நீதான் கொண்டுவந்தாய். பள்ளி மூடியிருக்கிறது, அலைய வேண்டாம், அக்காவே வாங்கிவிட்டேன் என்றாய். அவற்றுக்கும் அப்பாவின் வரைபடத்தில்தான் அட்டை போட்டேன்.

உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? அதை மட்டும் எழுது.

சுதா

*

நாசரேத்
3 ஜூலை 2025

அன்புள்ள சுதா,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம் என்று எழுதவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இருபது நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஜெர்சன் அத்தான்தான் எழுதச் சொன்னார்.

உதவி பெறும் பள்ளிகள் எப்படி ஓடுகின்றன என்று உனக்குத் தெரியாது. ஆகஸ்ட் முதல் தேதி பிள்ளைகளை எண்ணுவார்கள். தலை குறைந்தால் ஒரு வாத்தியார் பணியிடம் போகும். மே மாதம் முழுக்க நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்பது அதற்காகத்தான். 2020-ல் என்னை வேலைக்கு எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அரசாங்கத்தின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. நிர்வாகம் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்த சம்பளத்தில்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்பா போய் இரண்டு வருடம். எட்டாம் வகுப்பில் ஒரு தலை குறைந்தது. கொரோனாவில் யார் வீட்டுக்கு நான் போவது? உன் பெயரை எழுதினேன். எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வராத வருடம் அது. உன்னிடமிருந்து எதையோ எடுக்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது அடுத்த வருடம்தான்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாய். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோதே தெரியும். சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறுவேன். உன் முகத்தைப் பார்த்ததும், பிறகு சொல்லலாம் என்று ஆகிவிடும்.

ஒன்று மட்டும் எழுதவேண்டும். நான் உனக்குப் பொய் சொல்லவில்லை. ஏப்ரலில் நான் அனுப்பிய கணக்கு சரியான கணக்கு. நூற்று எண்பத்தேழு என்றேன், உனக்கு அதுதான் உண்மை.

தலைமையாசிரியர் அப்படிக் கடிதம் கொடுக்க மாட்டார். நீ நேராக மேலே மனு எழுதினாலும், விசாரணை என் மேசைக்குத்தான் வரும். ஒப்புதல் பொய்க்கணக்கில் வாங்கியது என்று ஆகும். அத்தானுக்கு நிரந்தர வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். மனு எழுதாதே என்று நான் கேட்கவில்லை. யோசித்துச் செய் என்றுதான் கேட்கிறேன்.

அம்மாவின் மேல் கோபப்படாதே.

கிருபை

*

தூத்துக்குடி
8 ஜூலை 2025

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அம்மா சுகம். இரண்டு நாளாக நாங்கள் பேசுகிறோம். உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்கிற அளவுக்கு.

2020-ல் நீ செய்ததைப் பற்றி நான் உன்னோடு சண்டை போடப் போவதில்லை. அந்தச் சம்பளத்தில் நானும் சாப்பிட்டேன். என்னைக் கேட்டிருந்தாலும் பதின்மூன்று வயதில் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்த ஜூன் வரைக்கும் நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. நூற்று எழுபத்தைந்து போதும் என்று நான் உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். போதாது என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். ஜனவரியிலிருந்து நான் வேதியியலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு நூலகத்தில் கதைப் புத்தகம் வாசித்தேன். அந்தச் சாயங்காலங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தன என்று உனக்குக் கடிதம் எழுதினேன். "நல்லா வாசி" என்று பதில் போட்டாய். நூற்று எண்பத்தெட்டு வேண்டும் ஏளா, புத்தகத்தை மூடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். நீ சொன்னால் நான் ஏன் என்று கேட்டவளே இல்லை.

உன் கணக்கு சரியானது என்கிறாய். ஆமாம். ஊரில் எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தபோது, என்னுடைய மையத்தில் இருந்தவர்கூடப் பெட்டியைக் கட்டு என்று சொன்னபோது, நீ மட்டும் சரியாகச் சொன்னாய். அந்தச் சரியை நீ எங்கிருந்து எடுத்தாய் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மனு எழுதினேன். உன் பெயர் வரவேண்டிய இடத்தில் 'அப்பள்ளியின் ஆசிரியை ஒருவர்' என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்ப வாசித்தபோதே இதை அனுப்ப மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. கெடு நேற்றோடு முடிந்தது. இதை உனக்குச் செய்த உதவி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரம்யாவுக்குக் கிண்டி கிடைத்துவிட்டது. நூற்று எழுபத்துமூன்று. நான் ஆசைப்பட்ட அதே படிப்பு. எனக்கு இல்லை என்றதும், அது என்ன படிப்பு என்று என்னிடமே கேட்டுத்தான் அதை முதலில் போட்டாள். நான்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

ஜெபசுதா

*

நாசரேத்
22 ஜூலை 2025

அன்புள்ள சுதா,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். பாப்பா பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா சுகம்தானே?

நீ அவசரப்படாமல் நடந்துகொண்டாய். உனக்கு நல்ல மனது. அத்தானும் அதைத்தான் சொன்னார். கர்த்தர் உனக்கு வேறு வாசலைத் திறப்பார்.

இடம் எங்கே வந்தது என்று எழுது. திருநெல்வேலி வந்திருக்கும் என்பது என் கணக்கு.

பள்ளியில் மறுபடியும் அதே பாடு. ஆறாம் வகுப்பில் ஒரு தலை குறைகிறது. இந்தத் தடவை பணியிடம் போனால் வேலை போகாது, ஆனால் இராமநாதபுரம் பக்கம் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி வருகிறேன். கொஞ்சம் வேலை இருக்கிறது. அப்போது நேரில் பேசுவோம். அக்காவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் அக்கா

*

தூத்துக்குடி
3 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

திருநெல்வேலியில் சிவில் வந்திருக்கிறது. உன் கணக்கு இந்தத் தடவையும் சரி. பஸ்ஸில் போய்வருவேன். அம்மா சுகம்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் முத்துக்கனி அக்கா வீட்டில் அரை மணி நேரம் இருந்தாய். பிறகு இங்கே வந்து, அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்தாய். எனக்குச் சுடிதார் துணி கொடுத்தாய். நேரில் பேசுவோம் என்று எழுதியிருந்தாய். வெயிலைப் பற்றிப் பேசினோம். பாப்பா என் விரலைக் கடித்தாள். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டில் என்ன வேலை என்று அன்று நான் கேட்கவில்லை. மறுநாள் முத்துக்கனி அக்காவே வந்தாள். மகள் இசக்கிசெல்வியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். செல்வி இந்த ஜூனில்தான் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள்.

"ஏளா சுதா, ஒங்க அக்கா ஒரு ரோசனை சொல்லுதா. செல்வி ஒரு வருசம் நாசரேத்துல அவ வீட்ல இருந்து படிக்கட்டும், சோறு துணி எல்லாம் நான் பாத்துக்கிடுதேன், பாப்பாக்கும் தொணையா இருக்கும்ங்கா. அடுத்த வருசம் இங்கனயே திரும்பச் சேத்துக்கிடலாமாம். டீச்சர் வீட்ல இருந்தா பிள்ளைக்கு நாலு எழுத்து கூட வரும்லா. நாளைக்கே டி.சி. வாங்கணுமாம். எங்க வீட்டுக்காரரு, சுதாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ, அவளும் இப்ப கணக்கெல்லாம் பாக்காளாம்லன்னு சொன்னாரு."

நான் செல்வியிடம், பெரியவளாகி என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். "டாக்டருக்கு" என்றாள். "அதுக்கு மொத இந்த மூக்கச் சிந்துளா" என்றாள் முத்துக்கனி அக்கா.

அக்கா, அந்த இடத்தில் முதலில் உன்னைத்தான் நினைத்தேன். உன் முகம் எனக்குத் தெரிந்தது. கைப்பிள்ளையோடு இராமநாதபுரம் பஸ்ஸில் நீ உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. பிறகு செல்வியை உட்காரவைத்து, இருவருக்கும் புரிகிற மாதிரி சொன்னேன். ஏழு வருடமும் இதே பள்ளியில் இருந்தால் மருத்துவத்துக்கு எவ்வளவு மார்க் போதும், ஒரே ஒரு வருடம் வெளியே பெயர் இருந்தால் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று. என் எட்டாம் வகுப்பையும் சொன்னேன். யார் எழுதினார்கள் என்று சொல்லவில்லை. பள்ளியின் பெயரைச் சொன்னதும் முத்துக்கனி அக்காவுக்கே விளங்கிவிட்டது.

அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உன்னை எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

"அப்போ டீச்சருக்கு இது தெரியாதோளா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

ஜெபசுதா